ஏரல் கடை அண்ணாச்சி



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. தீர்மான நோட்டு எழுதுவேன், பேரேடு எழுதுவேன், அவ்வளவுதான். "நம்ம குழுக்கள் வளர உதவின ஒருத்தரைப் பத்தி ஆளுக்குக் கொஞ்சம் பேசணும், அதை மலர்ல போடப்போறோம்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. எனக்கு முன்னால பேசினவங்க மேனேஜரைப் பத்திச் சொன்னாங்க, டீச்சரைப் பத்திச் சொன்னாங்க. நான் ஒரு பலசரக்குக் கடைக்காரரைப் பத்திப் பேசப்போறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல பொருளாளர் தேர்வு இருக்கு. அதுக்கு என் பேரையும் எழுதிக் குடுத்திருக்கீங்க. அதனால இதை நான் இன்னைக்குப் பேசியே ஆகணும். ஏன்னு பேச்சு முடியுறதுக்குள்ள தெரிஞ்சிடும்.

அண்ணாச்சி பேரை நான் சொல்லலை. பேர் போட வேண்டாம்னு அவங்க வீட்டுல கேட்டுக்கிட்டாங்க. ஏரல் பஜாருக்குப் போய்வர்ற நம்ம எல்லாருக்கும் யாருன்னு தெரியும்.

அண்ணாச்சி பிறந்தது தேரிப் பக்கம். செம்மண் தேரியும் பனையும் தவிர அங்கே ஒண்ணும் கிடையாது. அவங்க அப்பா பனையேறி. விடியுமுன்ன ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவைன்னு தினம் அத்தனை பனையும் ஏறி இறங்கணும். அம்மா பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊத்துவாங்க. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் அந்த வருமானம். மிச்ச மாசமெல்லாம் முன்பணம் குடுத்த வியாபாரியை நம்பித்தான் அடுப்பு எரியும். முன்பணம் வாங்கியாச்சுன்னா அவர் சொன்னதுதான் கருப்பட்டிக்கு விலை. "எங்கம்மா ஊத்துன கருப்பட்டியில முழுசு ஒண்ணு நாங்க தின்னது கிடையாது. உடைஞ்சதுதான் எங்களுக்கு" என்று அண்ணாச்சி சொல்லியிருக்காங்க. அதைச் சொல்லும்போது சிரிப்பாங்க. எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

எட்டாவது முடிச்சதும் ஒரு பலசரக்குக் கடையில எடுபிடி வேலைக்குச் சேர்த்துவிட்டாங்க. சாப்பாடு அங்கேயே, படுக்கை சாக்கு மேல. காலையில கடைவாசல் பெருக்குறதிலிருந்து ராத்திரி கல்லாவைத் துடைக்கிற வரைக்கும் வேலை. பேப்பர்ல பொட்டலம் மடிச்சு சணல் கட்டுறதுல அவங்க கை மாதிரி வேகம் நான் யார்கிட்டேயும் பார்த்ததில்லை. அப்போ பழகினதுதான். அந்தக் காலத்துக் கடைகள்ல சம்பளத்தை மாசாமாசம் கையில தர மாட்டாங்களாம். வருஷக் கடைசியில கணக்குப் பார்த்து மொத்தமாத் தருவாங்க. மூணு வருஷம் கழிச்சு அக்கா கல்யாணத்துக்குப் பணம் கேட்டப்போ முதலாளி கணக்கைத் திறந்து காட்டினாராம். சட்டைத் துணிக்கு, மருந்துக்கு, ஊருக்குப் போன செலவுக்குன்னு இவங்க எடுத்ததா எழுதியிருந்ததெல்லாம் போக, கைக்கு வந்தது நினைச்சதுல பாதிகூட இல்லை. எடுத்தது நிஜமா, பொய்யான்னு சொல்ல இவங்ககிட்டே ஒரு துண்டுச் சீட்டு இல்லை. "முதலாளி ஏமாத்தினாருன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குன்னு ஒரு நோட்டு இல்லை, அதான் சொல்லுவேன்" என்பாங்க.

அதனாலதான் சொந்தக் கடை போட்டதும் பற்று வைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தச் செலவுல ஒரு சின்ன நோட்டு குடுத்தாங்க. கடையில பெரிய பேரேடு, நம்ம கையில சின்ன நோட்டு. சாமான் வாங்கும்போது ரெண்டுலேயும் ஒரே நேரத்துல எழுதுவாங்க. நோட்டு இல்லாமப் போனா சாமான் கிடையாது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.

நான் 2009-ல கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வந்த ரெண்டாம் வாரம் அத்தை அரை லிட்டர் நல்லெண்ணெய்க்கு அனுப்பிச்சாங்க. நோட்டைக் குடுத்துவிட மறந்துட்டாங்க. இருபது நிமிஷம் நடந்து போய் நிக்கேன். "நோட்டு எங்கம்மா?" "வீட்டுல இருக்கு அண்ணாச்சி." "அப்ப எண்ணெயும் இங்கேயே இருக்கட்டும். போய் எடுத்துட்டு வா." கடை நிறைய ஆள். புதுப்பொண்ணு, முகமெல்லாம் சிவந்து போச்சு. வழியெல்லாம் அவங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன். அதுதான் எங்க முதல் பழக்கம்.

நான் அவங்களைப் பெரிய தர்மவான்னு சொல்ல வரலை. கஞ்சம்தான். சாக்குல ஒட்டின சீனியைக்கூடத் தட்டி எடுப்பாங்க. வந்த சணலை முடிச்சுப் போட்டுச் சேர்த்து வைப்பாங்க. வெத்துச் சாக்கை எண்ணி விப்பாங்க. கொசுறுன்னு ஒரு கறிவேப்பிலை வராது. தவணை தப்பினா ஆம்பளை பொம்பளைன்னு பார்க்காம நாலு பேர் முன்னால கேட்டுடுவாங்க. எங்க அத்தையை ஒரு தடவை அப்படிக் கேட்டு, அத்தை ஒரு மாசம் அந்தப் பக்கமே போகலை. ஆனா பீடி, சிகரெட் ஆம்பளைங்க கேட்டா பற்று எழுத மாட்டாங்க. "அது உன் பொண்டாட்டி நோட்டு. அவ வந்து சொல்லட்டும்" என்பாங்க. இதுக்காக எங்க வீட்டுக்காரருக்கு அவங்க மேல கடைசி வரைக்கும் வருத்தம் உண்டு.

அப்புறம் ஞாயித்துக்கிழமை. அண்ணாச்சி வேதக்காரங்க. ஞாயிறு காலையில வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில பைபிளும் பாட்டுப் புத்தகமும். மதினி கூட நடந்து கோயிலுக்குப் போவாங்க. கடை அன்னைக்குப் பூட்டுத்தான். ஏரல் சேர்மன் சாமி கோயில்ல ஆடி அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கே பெரிய வியாபாரம் அந்த நாள்தான். 2017-ல அந்த அமாவாசை ஞாயித்துக்கிழமையில வந்துச்சு. பஜாரே விளக்கும் பந்தலுமா இருக்கு, இவங்க கடை மட்டும் பூட்டி இருக்கு. மறுநாள் ஒருத்தர் கேட்டாரு, "எவ்வளவு நட்டம் அண்ணாச்சி?" இவங்க வாயாலேயே கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லிட்டு, அடுத்த ஆளுக்கு மிளகாய் வத்தல் நிறுக்கப் போயிட்டாங்க. நட்டம் இல்லைன்னு சொல்லலை.

கோயில்ல அவங்க ரொம்ப வருஷம் பொருளாளர். பக்கத்துல இருக்கிற சாயர்புரத்தைக் காட்டிப் பெருமையாச் சொல்லுவாங்க. அந்த ஊர்ப் பேரே சாயர்னு ஒரு வியாபாரி பேராம். வேதக்காரங்க குடியிருக்க நிலம் வாங்கிக் குடுத்தவராம். "பாத்தியா, சாமியார் பேர்லயும் ராஜா பேர்லயும்தான் ஊர் இருக்கும்னு இல்லை, வியாபாரி பேர்லயும் இருக்கு" என்பாங்க.

எங்க குழு 2012-ல ஆரம்பிச்சது. பதினாலு பேர். எல்லாரும் வாழைக்கொல்லைக்கும் வயலுக்கும் கூலிக்குப் போறவங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் சேர முடியும். வேப்பமரத்தடியில உட்கார்ந்தோம், மழை வந்தா எழுந்து ஓடுவோம். ஒருநாள் மழையில ஓடி அண்ணாச்சி கோடவுன் தாழ்வாரத்துல ஒதுங்கி நின்னோம். மதினி பார்த்துட்டு, "இங்கேயே உக்காருங்களேன்" என்றாங்க. அன்னையிலிருந்து ஒன்பது வருஷம் அங்கேதான் கூட்டம். வாடகை கிடையாது. ஆனா கூட்டம் முடிஞ்சதும் நாங்களே கூட்டிப் பெருக்கிட்டுப் போகணும்.

முதல் முதல்ல வாரச் சேமிப்பு இருபது ரூபாய்னு தீர்மானம் போட்டோம். மூணு பேருக்கு அதுவும் முடியலை. குழுவை விட்டு நின்னுக்கிடுறோம்னு சொல்லிட்டாங்க. அப்போ அண்ணாச்சி அவங்க கோயில்ல உள்ள ஒரு பழக்கத்தைச் சொன்னாங்க. கைப்பிடி அரிசி. சோறு பொங்க அரிசி அளந்ததும், அதுலேருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில போட்டுடணும். அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுப்பாங்களாம். நம்ம சீமையில வேதக்காரப் பொம்பளைங்க காலங்காலமாச் செய்யுற வேலை. "எங்கம்மா இல்லாத நாளும் போடுவா. அன்னைக்குக் கைப்பிடி சின்னதா இருக்கும், அவ்வளவுதான்" என்றாங்க. நாங்களும் அப்படியே செஞ்சோம். பணம் இல்லாதவங்க வாரக் கடைசியில அரிசியைக் கொண்டுவந்தாங்க. அண்ணாச்சி மறுநாள் அதை நிறுத்து, கடை விலைக்கு எடுத்துக்கிட்டுக் காசு தந்தாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தி இப்போ மாட்டுக் கடன் வாங்கி அடைச்சு, ரெண்டாவது மாடும் வாங்கியாச்சு. இங்கேதான் இருக்கா, எழுந்து நிக்கச் சொன்னா வெக்கப்படுவா.

எனக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் குடுத்தது அண்ணாச்சிதான். பயிற்சி மூணு நாள் குடுத்தாங்க, பஞ்ச சூத்திரம் எல்லாம் மனப்பாடமாச் சொல்லுவேன். ஆனா ரொக்கப் புத்தகத்தை முன்னால வெச்சா கை நடுங்கும். பத்தாவதுல கணக்குல நாப்பத்தொண்ணு வாங்கினவ நான். கூட்டம் ஞாயித்துக்கிழமை, அன்னைக்கு அவங்க கணக்கைத் தொட மாட்டாங்க. "வெச்சுட்டுப் போ, நாளைக்குப் பாக்கேன்" என்பாங்க. திங்கக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது கல்லா பக்கத்துல நிக்கவெச்சுத் தப்பைக் காட்டுவாங்க.

ஒரு தடவை 37 ரூபாய் குறைஞ்சுது. எத்தனை தடவை கூட்டினாலும் 37 குறையுது. நாங்க என்ன செஞ்சோம், ஆளுக்கு மூணு ரூபாய் போட்டுச் சரிகட்டி, கணக்கு நேர் ஆயிட்டுன்னு எழுதிட்டோம். மறுநாள் அண்ணாச்சி எப்படித்தான் கண்டுபிடிச்சாங்களோ, சத்தம் போட்டாங்க பாருங்க. "கூட்டினா சரியா வர்ற மாதிரி எழுதுறதுக்குப் பேரு கணக்கு இல்லம்மா. நடந்ததை எழுது. குறைஞ்சா 'குறைவு முப்பத்தேழு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. பொறவு தேடு." அடிச்சுட்டு அப்படியே எழுதினேன். மூணு வாரம் கழிச்சுக் கிடைச்சுது. ஒருத்தி கட்டின அபராதத்தை ரெண்டு இடத்துல வரவு வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் இன்னும் எங்க பழைய ரொக்கப் புத்தகத்துல இருக்கு. தரமதிப்பீட்டுக்கு வந்த சார் அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு நல்ல மார்க் போட்டாரு.

பொடி கதையும் சொல்லிடுறேன், சிரிக்கக் கூடாது. குழுவுல இட்லிப்பொடி போட்டு அண்ணாச்சி கடையில வெக்கலாம்னு ஐம்பது பாக்கெட் கொண்டுபோனோம். கால் கிலோன்னு ஒட்டியிருந்தோம். தராசுல வெச்சாங்க, 240 கிராம். இன்னொண்ணு, 235. ஐம்பதையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. "நம்ம குழுதானே அண்ணாச்சி" என்றோம். "அதான் திருப்பித் தாரேன். மத்தவன்னா போலீஸ்ல சொல்லியிருப்பேன்" என்றாங்க. போலீஸ்ல சொல்லியிருப்பாங்களோ என்னவோ, நாங்க எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்ப நிறுத்தோம். பிளாஸ்டிக் பைக்கு 2019-ல தடை வந்தப்போ, பேப்பர் கவர் ஒட்டித் தரச் சொல்லி முதல்ல ஆர்டர் தந்ததும் அதே அண்ணாச்சிதான்.

கோயில் அசனத்தைப் பத்திச் சொல்லாம விட முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை கோயில்ல அசனம் நடக்கும். ராத்திரி பூராவும் ஆம்பளைங்கதான் சமையல். பெரிய பெரிய வட்டாவுல சோறு வடிச்சு, ஓலைப்பாயில மலையாக் குவிப்பாங்க. கறிக்குழம்பு வாசம் எங்க தெரு வரைக்கும் வரும். எந்தச் சாதி, எந்தச் சாமின்னு கேட்கிறதில்லை, போய் உட்கார்ந்தா இலை விழும். சாமான் பொறுப்பு அண்ணாச்சிகிட்டே. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவுன்னு எல்லாம் எழுதி, மறுவாரமே கணக்கைக் கோயில் பலகையில ஒட்டிடுவாங்க. ஆனா பந்தியில கரண்டியைப் பிடிச்சாங்கன்னா வேற ஆள். கடையில ஒரு கிராம் கூடப் போடாத கை, "போதும் போதும்"னு இலையை மறைச்சாலும் விடாது. நான் ஒரு தடவை கேட்டே விட்டேன், "கடையிலேயும் இப்படிப் போட்டா என்ன அண்ணாச்சி?" "இது எனதா? கடை எனது" என்றாங்க. எனக்கு அதுக்கு இன்னைக்கு வரைக்கும் சரியான அர்த்தம் புரிஞ்சதில்லை. யோசிச்சுப் பார்க்கிறது உண்டு.

கொரோனா காலத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா நேரம் போதாது. வெள்ளத்துக்கு வாரேன்.

2023 டிசம்பர் 17. ஞாயித்துக்கிழமை. காலையிலிருந்து விடாம மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுதுன்னு பின்னால பேப்பர்ல போட்டாங்க. ராத்திரி தாமிரபரணி ரெண்டு கரையையும் மறந்துட்டா. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் மாட்டி நின்னதும், புதுக்குடி ஜனங்க அந்தப் பயணிகளுக்குச் சமைச்சுப் போட்டதும் உங்களுக்குத் தெரியும். ஏரல் பாலத்துக்கிட்டே ரோடு அறுத்துக்கிட்டுப் போயி, நாம தனித்தீவா நின்னோம். ஹெலிகாப்டர்ல சாப்பாடு போட்டாங்க. எங்க வீட்டுல நெஞ்சளவு தண்ணி. ரெண்டு ஆடு போச்சு. நான் எடுத்தது பிள்ளையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும்தான். அதுக்குள்ள ரேஷன் கார்டு, ஆதார், குழுப் பாஸ்புக்கு, அண்ணாச்சி கடை நோட்டு.

தண்ணி வடிஞ்ச பிறகு பஜார்ல போய்ப் பார்த்தோம். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குன்னு அண்ணாச்சி கடன்ல கோடவுன் நிறைய சாமான் இறக்கியிருந்தாங்க. மைதா, சீனி, முந்திரி, எண்ணெய் டின். சீனிச் சாக்கு வெறும் சாக்கா நிக்கு. உள்ள ஒண்ணும் இல்லை, கரைஞ்சு போச்சு. அரிசி ஊறி, மூட்டை வெடிச்சுக் கிடக்கு. அந்த நாத்தம் மூணு மாசம் போகலை. பக்கத்துக் கடைக்காரங்க ஞாயிறு மத்தியானம் கடை திறந்திருந்ததால, மழையைப் பார்த்துப் பாதிச் சாமானை மேல ஏத்திட்டாங்க. இவங்க கடை பூட்டியிருந்துச்சு. அன்னைக்கு ஒருத்தர் என் காதுபடவே கேட்டாரு, "ஞாயித்துக்கிழமை திறந்திருந்தா ஏத்தியிருக்கலாமே அண்ணாச்சி?" அண்ணாச்சி சேத்தை வழிச்சுக்கிட்டே, "ஏத்தியிருக்கலாம்தான்" என்றாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அன்னைக்கும் காலையில கோயிலுக்குப் போனாங்க. சேறு கறை போகாத வேட்டியோட.

சாமான் போனதைவிடப் பேரேடு போனதுதான் அடி. நாலு பேரேடு. இங்க் பேனாவுல எழுதுற ஆள். எல்லாம் கரைஞ்சு, தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, செங்கல் மாதிரி ஆயிட்டு. மொட்டை மாடியில ஒவ்வொரு தாளாப் பிரிச்சு மதினி காயப்போட்டாங்க. வெறும் நீலக் கறை. இருநூறு வீட்டுக்கு மேல பற்று. முக்கால்வாசி வீட்டுல சின்ன நோட்டும் ஆத்தோட போயிட்டு.

ஜனவரி கடைசியில கொஞ்சம் சாமான் போட்டுக் கடையைத் திறந்தாங்க. கல்லா மேல ஒரு புது நீள நோட்டு. "உங்க நோட்டு இருந்தாக் காட்டுங்க. இல்லைன்னா நீங்க சொல்லுறதை எழுதிக்கிடுதேன்." இவ்வளவுதான் சொன்னாங்க. ஜனங்க வரிசையில நிக்காங்க. எனக்கு முன்னால எங்க குழுப் பாட்டி, புருஷன் இல்லாத மனுஷி. "ஆயிரத்து இருநூறு எழுதிக்கோ ஐயா" என்கிறா. அண்ணாச்சி, "இல்லை தாயி, எண்ணூறுதான் இருக்கும்" என்கிறாங்க. "எனக்குத் தெரியும், நீ எழுது." "எனக்கும் தெரியும், எண்ணூறுதான்." ரெண்டு பேரும் சண்டை. கடைசியில ஆயிரம்னு முடிஞ்சுது. நிக்கிறவங்க எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

அடுத்து நான். "நோட்டு இருக்காம்மா?"

"ஆத்தோட போயிட்டு அண்ணாச்சி."

"எவ்வளவு எழுத?"

"நாலாயிரம் இருக்கும்."

என் நோட்டு வீட்டுல இருந்துச்சு. ஒரு எழுத்து அழியலை. அதுல பாக்கி 7,860.

காரணம் கேட்டா சொல்லலாம். ஆடு போச்சு, வாழை எல்லாம் சாஞ்சு எங்க வீட்டுக்காரருக்குத் தார் வெட்டுற வேலையே இல்லை, அரசாங்கம் தந்த 6,000 ரூபாய் அடுப்பு, பாய், பாத்திரம் வாங்கவே தீர்ந்துட்டு. அத்தனையும் நிஜம். ஆனா அந்தப் பாட்டிக்கும் அதே வெள்ளம்தான்.

அண்ணாச்சி ஒண்ணும் கேட்கலை. 4,000-னு எழுதி, கையெழுத்து வாங்கிக்கிட்டு, புது நோட்டு ஒண்ணு தந்தாங்க. பிப்ரவரியிலிருந்து மாசம் ஐந்நூறு கட்டினேன், ஒரு மாசம் தப்பலை. செப்டம்பர்ல கடைசித் தவணை. கோடு போட்டு 'பைசல்'னு எழுதினாங்க. "சரிம்மா. நீ சொன்னபடி முடிஞ்சுட்டு" என்றாங்க. அந்த 'நீ சொன்னபடி' எனக்கு அப்போ உறைக்கலை.

அக்டோபர்ல ஒருநாள் ராத்திரி நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சுட்டு. மறுநாள் பஜார்ல கடையெல்லாம் அடைச்சிருந்தாங்க. நான் முதல் முதலா வேதக்கோயிலுக்குள்ள போய் உட்கார்ந்தது அன்னைக்குத்தான். செருப்பை எங்கே விடணும், எப்போ எழுந்திரிக்கணும்னுகூடத் தெரியாது, பக்கத்துல இருந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். ஐயர் பேசினாரு, பாட்டுப் பாடினாங்க. எங்க குழு பதினாலு பேரும் போயிருந்தோம். பாட்டியைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனோம். கல்லறைத் தோட்டத்துல ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டாங்க. பாட்டி ரெண்டு பிடி போட்டா.

டிசம்பர்ல அண்ணாச்சி மகன், தம்பின்னுதான் கூப்பிடுவோம், என்னை வரச் சொல்லிச்சு. கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். "அப்பா கையெழுத்து எனக்குப் புரியலை. நீங்க படிச்சுச் சொன்னா நான் அடிச்சிடுவேன் அக்கா." போனேன். நீள நோட்டு இல்லாம இன்னொரு டைரியும் இருந்துச்சு. வெள்ளம் வடிஞ்ச அந்த வாரத்துல, கடையில உட்கார இடமில்லாதப்போ, கோயில் தாழ்வாரத்துல உட்கார்ந்து ஞாபகத்துலேருந்து எழுதினதாம். ஒரு பத்தி பேர். அடுத்த பத்தி 'என் ஞாபகம்'. மூணாவது பத்தியை ஜனவரியில எழுதியிருக்காங்க, 'அவங்க சொன்னது'. முக்கால்வாசி ரெண்டும் அஞ்சு பத்து வித்தியாசத்துல ஒத்துப்போச்சு. சிலருக்கு மூணாவது பத்தியில அதிகம். பாட்டிக்கு 800, பக்கத்துல 1,200, அதை அடிச்சு 1,000. படிச்சுக்கிட்டே வாரேன், தம்பி அடிச்சுக்கிட்டே வருது. பக்கத்தைத் திருப்பினா என் பேரு. என் ஞாபகம் 7,800. அவங்க சொன்னது 4,000.

நான் நடுப் பத்தியை விட்டுட்டு, "நாலாயிரம், பைசல்" என்று படிச்சேன். தம்பி அடிச்சுட்டு, "அடுத்து?" என்றுச்சு. அடுத்த பேரைப் படிச்சேன்.

ரெண்டாவது தடவையும் அப்படித்தான் செஞ்சேன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். முதல் தடவை வெள்ளம்னு சொல்லலாம். இது வெள்ளம் இல்லை.

பத்து நாள் தூக்கம் இல்லை. எங்க வீட்டுக்காரர்கிட்டே சொன்னேன், "செத்தவரு வந்து கேக்கப்போறாரா, விடு" என்றாரு. ஜனவரி முதல் வாரம் பழைய நோட்டை எடுத்துட்டுப் போய்த் தம்பிகிட்டேயும் மதினிகிட்டேயும் காட்டினேன். மதினி கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். தம்பிதான் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "அப்பா பைசல் போட்ட கணக்கை நான் எப்படித் திறக்க அக்கா?" என்றுச்சு. மதினி கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்தாங்க. 'பாக்கி 7,860'ன்னு அண்ணாச்சி கையால எழுதினது. அதைத் தடவிப் பார்த்துட்டு, "அதைத் திறக்க வேண்டாம். புதுப் பக்கத்துல எழுது" என்றாங்க. "அவிய அறுபது ரூவாயை மறந்துட்டாவ பாரேன்" என்று சொல்லி அழுதாங்க. அவங்க அழுததை அன்னைக்குத்தான் பார்த்தேன். அடக்கத்தன்னைக்குக்கூட அழலை.

புதுப் பக்கத்துல 3,860 எழுதியிருக்கு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்னு ஐந்நூறு ஐந்நூறாக் கட்டியாச்சு. மீதி 2,360. ஆவணிக்குள்ள முடிஞ்சிடும்.

எங்க குழுவுல யாராவது தவணை தப்பினா, நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு எல்லார் முன்னாலயும் கேட்கிறவ நான்தான். அதனால இதை எங்க குழுவுல போன வாரமே சொல்லிட்டேன். இன்னைக்கு உங்ககிட்டே சொல்றேன். பழைய நோட்டு, புது நோட்டு ரெண்டையும் மேஜை மேல, ஓட்டுப்பெட்டி பக்கத்துல வைக்கிறேன். பார்க்கணும்னு நினைக்கிறவங்க சாப்பிட்டுட்டு வந்து பாருங்க. பார்த்துட்டு ஓட்டுப் போடுங்க. என் பேரை எடுத்துடலாம்னு தோணுச்சுன்னா தலைவி அக்காகிட்டே சொல்லுங்க, எனக்கு வருத்தம் இல்லை. நோட்டை மட்டும் யாரும் ஞாபகமாத் திருப்பிக் குடுத்துடுங்க. அது இல்லாமப் போனா நாளைக்கு எனக்குச் சாமான் கிடைக்காது. தம்பியும் அப்பா மாதிரியேதான்.